பஸ்ஸுக்கு இடப்பக்கம் நுழையாதீர்கள்: சென்னையில் புதிதாக ஸ்கூட்டர் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொளத்தூர், பெரம்பூர் பக்கம் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லித் தருகிறேன். மைதானத்தில் பேலன்ஸ் வருவதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. பழகப் பழக வந்துவிடும். எட்டுப் போட்டு லைசென்ஸும் வாங்கிவிடுவார்கள். கொஞ்ச நாள் கழித்து அதே ஆளை ரெட்டேரி சிக்னலில் பார்ப்பேன். மைதானத்தில் உருட்டும்போதே "அக்கா, பயமா இருக்கு" என்றவள், அங்கே தண்ணி லாரிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் வண்டியை நுழைத்துக்கொண்டு நிற்பாள். யார் சொல்லிக் கொடுத்தார்கள்? முன்னால் போனவன் நுழைந்தான், இவளும் நுழைந்தாள். நான் ஓட்ட ஆரம்பித்த புதிதிலும் இதே கதைதான்.

ஹெல்மெட் போடுங்கள், ஃபோன் பேசாதீர்கள், சைடு ஸ்டாண்டை எடுங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை தப்பு என்று தெரிந்துதான் செய்கிறார்கள். சரி என்று நினைத்துக்கொண்டே செய்கிற தப்புகளைத்தான் சொல்லப்போகிறேன். அதிலும் முதல் தப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய வண்டியின் இடப்பக்கத்தில் நுழைவது

பஸ், தண்ணி லாரி, கன்டெய்னர் டிரெய்லர், கான்கிரீட் மிக்சர், எதுவாகவும் இருக்கட்டும். அதற்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே ஹேண்டில்பார் போகிற அளவுக்கு இடம் தெரிந்தால் போதும், நம்ம ஆட்கள் முறுக்கிவிடுவார்கள். "கேப் இருந்துச்சுல்ல அக்கா?" என்பார்கள். இருந்தது. எத்தனை நொடிக்கு?

நம் ஊரில் டிரைவர் உட்கார்வது வலப்பக்கம். அவர் சீட்டிலிருந்து பார்த்தால் இடப்பக்கக் கதவுக்குக் கீழே நடப்பது நேராகத் தெரியாது. இடப்பக்கக் கண்ணாடியிலும் வண்டியை ஒட்டிய ஒரு பட்டைதான் தெரியும், மற்றதெல்லாம் இருட்டு. அந்தக் கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. சிக்னலில் லாரியின் மூக்கை ஒட்டி முன்னால் போய் நிற்கிறார்களே, அவர்கள் நிலைமையும் இதுதான். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு பம்பரை ஒட்டி நிற்கும் ஸ்கூட்டர் கண்ணில் படாமலே போகலாம். பச்சை விழுந்ததும் அவர் கிளம்பிவிடுவார்.

அடுத்தது வளைவு. ஸ்கூட்டரில் முன்சக்கரம் போன தடத்திலேயே ஏறக்குறைய பின்சக்கரமும் வந்துவிடும். 12 மீட்டர் நீளமுள்ள பஸ் அப்படி வராது. இடப்பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் வெளியே பெரிய வட்டம் போட, பின்சக்கரம் பிளாட்பாரத்தை நெருங்கிச் சின்ன வட்டத்தில் உள்ளே வரும். டிரெய்லர் என்றால் இன்னும் உள்ளே வரும். பின்சக்கரம் பிளாட்பாரத்தில் ஏறாமல் இருக்க, டிரைவர் முதலில் ரைட்டில் கொஞ்சம் வாங்கி, அப்புறம் லெஃப்டில் ஒடிப்பார். ரைட்டில் வாங்குகிற அந்த நேரம்தான் ஆபத்து. இடப்பக்கம் தாராளமாக இடம் திறக்கும். இடப்பக்க இன்டிகேட்டர் மின்னிக்கொண்டுதான் இருக்கும். வண்டி வலப்பக்கம் நகர்வதைக் கண்ணால் பார்த்துவிட்டவர்கள் இன்டிகேட்டரை எங்கே பார்க்கப்போகிறார்கள்?

மூலக்கடையில் ஒரு காலை நேரம். மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடித்து ரோட்டைச் சுருக்கியிருந்தார்கள். ஓட்டியது என்னிடம் கற்றுக்கொண்டிருந்த பெண், பின்சீட்டில் நான். முன்னால் ஒரு டிரெய்லர் மெதுவாக ரைட்டில் வாங்கியது. "அக்கா, வழி விடுறாரு" என்று சொல்லிக்கொண்டே முறுக்கினாள். "பிரேக்கு, பிரேக்கு" என்று அவள் தோளைப் பிடித்து அழுத்தினேன். டிரெய்லரின் பாதி நீளம்கூடப் போயிருக்கமாட்டோம், வண்டி நின்றது. முன்னால் இருந்த இடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குறைந்தது. சக்கரம் சக்கரமாக உள்ளே வந்துகொண்டே இருந்தது. கடைசிச் சக்கரம் பிளாட்பாரத்து ஓரக்கல்லை உரசி, மஞ்சள் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டு போனது. கேபினில் இடப்பக்க சீட் காலி. முன்பெல்லாம் அங்கே ஒரு கிளீனர் எட்டிப் பார்த்துக் கதவைத் தட்டிச் சத்தம் கொடுப்பார். இப்போது பல லாரிகளில் டிரைவர் மட்டும்தான். இதில் இன்னொரு கூத்து, எங்களுக்குப் பின்னால் இருந்த பைக்காரர் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் வழியை மறித்துவிட்டோமாம்.

பஸ் ஸ்டாப்பில் இதே தப்புக்கு வேறொருவர் விலை கொடுக்கிறார். ஸ்டாப்பில் ஆட்டோக்கள் வரிசையாக நிற்பதால் பஸ் நடுரோட்டில் நிற்கும். ஜனங்கள் அங்கேதான் இறங்கியாக வேண்டும். ஒரு கையில் பை, ஒரு கையில் கம்பி, ஒரு கால் இன்னும் படியில். அந்த நிலையில் யாராலும் பின்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு இறங்க முடியாது. அந்த இடைவெளியில் பைக்கை விடுபவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் வாயில் நல்ல வார்த்தை வராது. அதிலும் சிலர் இறங்கியவரைப் பார்த்து "பாத்து இறங்கும்மா" என்று அதட்டிவிட்டுப் போவார்கள். பஸ் நின்றால் அதன் பின்னாலேயே நீங்களும் நில்லுங்கள். கடைசி ஆள் பிளாட்பாரம் ஏறும் வரைக்கும் எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது?

கிளம்பும்போதும் கவனம் வேண்டும். கண்டக்டர் ரெண்டு விசில் கொடுத்துவிட்டால் பஸ் வலப்பக்கம் வெளியே வரும். தலை வலப்பக்கம் போகும்போது பின்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற வால்பகுதி இடப்பக்கம் கொஞ்சம் வீசும். இடப்பக்கப் பின்மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்பவரை அது தட்டிவிடும். இன்ஜின் உறுமுவதை வைத்து பஸ் கிளம்பப்போவதைக் கண்டுபிடித்துவிடுவேன் என்பவர்களுக்கு ஒரு தகவல்: சென்னையில் இப்போது மின்சாரப் பஸ்களும் ஓடுகின்றன, அவை உறுமுவதில்லை.

"பஸ்காரங்க மட்டும் ஒழுங்கா?" என்று கேட்பீர்கள். ஒழுங்கில்லைதான். ஸ்டாப் காலியாக இருந்தாலும் நடுரோட்டில் நிறுத்துவது, இன்டிகேட்டர் போடாமலே வெளியே வருவது என்று அவர்கள் மேல் எனக்கும் ஒரு மூட்டை புகார் இருக்கிறது. யார் மேல் தப்பு என்பதை முழு உடம்போடு வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம்.

செய்யவேண்டியது இதுதான். சிக்னலையோ திருப்பத்தையோ நெருங்கும் பெரிய வண்டிக்கு ரெண்டு கார் நீளம் தள்ளிப் பின்னாலேயே இருங்கள். முந்துவதாக இருந்தால் நேரான ரோட்டில், வலப்பக்கமாக, டிரைவருக்குத் தெரிகிற மாதிரி, பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டிருக்காமல் முடித்துவிடுங்கள். ஏற்கெனவே இடப்பக்கம் மாட்டிக்கொண்டீர்களா? முறுக்கி முன்னால் தப்பிக்கப் பார்க்காதீர்கள், பிரேக் பிடித்துப் பின்தங்குங்கள். 2019 ஏப்ரலிலிருந்து விற்கப்படும் 125 சிசி வரையிலான ஸ்கூட்டர்களில் கம்பைன்டு பிரேக்காவது இருக்கவேண்டும். அந்த வகையில் இடக்கை லீவரைப் பிடித்தாலே முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். பதற்றத்தில் அந்த ஒரு கை வேலை செய்தால்கூடப் போதும். நிற்க இடமே இல்லையென்றால் வண்டியைப் போட்டுவிட்டு பிளாட்பாரத்தில் ஏறிவிடுங்கள். வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது.

ராங் சைடில் "கொஞ்ச தூரம்"

ஓஎம்ஆரிலும் ஜிஎஸ்டி ரோட்டிலும் யு டர்ன் தள்ளியிருக்கிறது என்பது உண்மை. பெட்ரோல் பங்க் வரைக்கும்தானே, அடுத்த தெரு வரைக்கும்தானே என்று ஓரமாக எதிரில் வருகிறார்கள். ஓரமாக வருவதால் ஆபத்தில்லை என்று வேறு நம்புகிறார்கள். பக்கத்துத் தெருவிலிருந்து மெயின் ரோட்டுக்கு இடப்பக்கமாகத் திரும்புகிறவர் எந்தப் பக்கம் பார்ப்பார்? வண்டி வரவேண்டிய வலப்பக்கத்தைப் பார்ப்பார். அது காலியானதும் கிளம்புவார். நீங்களோ அவருக்கு இடப்பக்கத்திலிருந்து, அதுவும் ஓரத்தை ஒட்டி வருகிறீர்கள். ரோட்டைக் கடக்க இறங்குகிற பாட்டியும் வலப்பக்கம்தான் பார்த்துக்கொண்டு இறங்குவார்.

2019 திருத்தத்துக்குப் பிறகு, எதிர்த்திசையில் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 184ஆம் பிரிவில் அபாயகரமாக ஓட்டுதலிலேயே சேர்ந்துவிட்டது. முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை சிறையோ, ரெண்டும் சேர்த்தோ கிடைக்கலாம். உங்களை மறித்து ஃபைன் போட்டால் "எல்லாரும்தானே வர்றாங்க" என்று வாதாடாதீர்கள், கேட்கச் சகிக்காது.

ஹை பீம்

ஊருக்குள் லோ பீம் போதும்.

பச்சை விழுமுன்னே கிளம்புவது

டைமரில் மூன்று, ரெண்டு என்று எண் இறங்கும்போதே ஹாரனும் ஆரம்பித்துவிடும், வண்டியும் ஊர்ந்துவிடும். அந்தப் பக்கம் மஞ்சளில் முறுக்கி நுழைந்த கடைசி ஆள் இன்னும் ஜங்ஷன் நடுவில்தான் இருப்பான். ரெண்டு அவசரமும் சந்திப்பது அங்கேதான். பச்சை விழுந்த பிறகு ஒரு தடவை வலமும் இடமும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார். நீங்கள் பார்க்காமல் கிளம்பினாலும் அவர் அடிக்கத்தான் போகிறார்.

ஜீப்ரா கோட்டின் மேல் நிற்பது

அது நடப்பவர்களுடைய இடம். பின்னால் போங்கள்.

நேராகப் போக ஹசார்ட் லைட்

நாலு பக்கமும் மின்னவிட்டால் "நேராகப் போகிறேன்" என்று அர்த்தமாம். உங்கள் இடப்பக்கத்தில் இருப்பவருக்கு இடப்பக்க விளக்கு மட்டும்தான் தெரியும், நீங்கள் இடப்பக்கம் திரும்பப்போவதாக நினைப்பார். வலப்பக்கத்தில் இருப்பவர் வலப்பக்கம் திரும்புவதாக நினைப்பார். நேராகப் போவதற்கு எந்த விளக்கும் வேண்டாம். வண்டி ரிப்பேராகி நின்றால் போடுங்கள்.

ஆம்புலன்ஸ் வாலைப் பிடித்துப் போவது

வழி விடாதவர்களைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். அவர்களுக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது ரெண்டும் என்று சட்டமும் இருக்கிறது. எனக்கு எரிச்சல் வருவது, ஆம்புலன்ஸ் பிளந்துகொண்டு போகிற வழியில் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்துத்தான். ஒதுங்கி வழிவிட்டவர்கள் ஆம்புலன்ஸ் கடந்ததும் மறுபடி நடுவுக்கு வருவார்கள், பின்னால் ஒருத்தன் பறந்து வருவதை எதிர்பார்க்க மாட்டார்கள். ஆம்புலன்ஸ் திடீரென்று பிரேக் பிடித்தாலும் உங்களால் நிறுத்த முடியாது. அவர்களுக்கு ஏற்கெனவே உள்ளே ஒரு நோயாளி இருக்கிறார்.

நிற்கிற காரை உரசிக்கொண்டு போவது

கதவு எந்த நேரமும் திறக்கும். ஒரு கதவு அகலம் தள்ளியே போங்கள். நீங்கள் காரிலிருந்து இறங்குபவராக இருந்தால், கதவுக்குத் தூரமாக இருக்கிற கையால் திறங்கள். அப்படித் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருவது கண்ணில் பட்டுவிடும். ஆட்டோவிலோ டாக்சியிலோ போகும்போது குழந்தைகளுக்கும் இதைப் பழக்கிவிடுங்கள்.

தெருவுக்குள் பறப்பது

2023 நவம்பரிலிருந்து சென்னையில் டூவீலருக்கு மெயின் ரோட்டில் 50, குடியிருப்புத் தெருவுக்குள் எந்த வண்டிக்கும் 30. 30 குறைவு என்று தோன்றினால் உங்கள் தெருவில் 30இல் போய்ப் பாருங்கள். நாயும் பந்தும் குறுக்கே வருகிற தெருவுக்கு அதுவே அதிகம்.

மழைத் தண்ணியில் வேகம்

நடந்து போகிறவர் மேல் அடிக்கும். அவர் இன்டர்வியூவுக்குப் போய்க்கொண்டிருக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் தேங்கிய தண்ணிக்கடியில் பள்ளம் இருக்கிறதா, மூடி இல்லாத குழி இருக்கிறதா என்று கார்ப்பரேஷனுக்கே தெரியாது, உங்களுக்கு எப்படித் தெரியும்? முன்னால் ஒரு வண்டியை விட்டு, அது போன தடத்தில் மெதுவாகப் போங்கள்.

துப்புவது

வேண்டாம். காற்று பின்னால்தான் அடிக்கிறது, பின்னால் நான் வருகிறேன்.

இடித்த இடத்திலேயே நின்று சண்டை

யாருக்காவது அடிபட்டிருந்தால் முதலில் 108. உதவி செய்தால் போலீஸ், கோர்ட் என்று அலையவேண்டும் என்ற பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. பெயரையும் முகவரியையும் சொல்லச் சொல்லி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

யாருக்கும் ஒன்றுமில்லை, கீறல் மட்டும்தானா? ரெண்டு வண்டியையும் நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்துங்கள். அப்புறம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சண்டை போடுங்கள், நாங்கள் போய்க்கொண்டே இருக்கிறோம்.