வெட்டுக்குக் காலை, கொக்கிக்கு மாலை

வீட்டு முன்னறையில் ஒற்றைத் தையல் இயந்திரத்தோடு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். உதவிக்கு ஆள் கிடையாது. போன தீபாவளி நெருக்கடியில், பேச்சுக் கொடுத்துக்கொண்டே வெட்டியதில் ஒரு பட்டு ரவிக்கையின் இரண்டு கைகளும் ஒரே பக்கத்துக்கு அமைந்துவிட்டன. மிச்சத் துணியும் இல்லை. அதே நிறத்தில் பட்டுத் துணி தேடி அலைந்த செலவு என் தலையில்.

அதன் பிறகு பத்து நாட்கள், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்று நோட்டில் குறித்தேன். பகலைத் தின்றது தையல் அல்ல. "அக்கா, இதைக் கொஞ்சம் பிடித்துக் கொடுங்களேன்" என்று தொளதொளப்பானதை இறுக்கித் தைக்கச் சொல்லி வரும் இருபது ரூபாய் வேலைகள்தான்!

இப்போது காலை 6 முதல் 9 வரை வெட்டு மட்டுமே. கைபேசி அடுப்படியில் கிடக்கும். சுருங்காமலிருக்க லைனிங் துணியை முந்தைய நாளே நனைத்துக் காயவைத்துவிடுகிறேன். மாலையில் ஆட்கள் வரும்போது கொக்கி கட்டுவது, ஓரம் மடிப்பது. பேசினாலும் கெடாத வேலைகள். பிடித்துக் கொடுப்பது, பிரித்து விடுவதெல்லாம் சனிக்கிழமை மட்டும். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள், போகட்டும். எதிர்வீட்டு அத்தையிடம் மட்டும் இதைச் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.