வீட்டு ஜெபம் பதினைந்து நிமிடம்: விட்டுப்போகாமல் நடத்துவது எப்படி

புத்தாண்டு ஆராதனை முடிந்து வந்த சூட்டில் "இந்த வருஷம் தினமும் குடும்ப ஜெபம்" என்று தொடங்கி, பிப்ரவரி பாதியில் நின்றுபோன வீடுகள் நிறைய. விசுவாசம் குறைந்துவிட்டதென்று யாரும் மனம் நொந்துகொள்ள வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் ஜெபம் நிற்பதற்கு அதன் நீளமே காரணம். நாற்பது நிமிட ஜெபம் என்றால், மறுநாள் பிள்ளைக்குப் பரீட்சை வந்ததும் முதலில் கழிவது அதுதான். பதினைந்து நிமிடம் என்றால் பரீட்சைக்கு முந்தின இரவிலும் நடக்கும்.

வீட்டில் தேவவசனத்தைப் பேசுவது வீட்டாரின் வேலை. போதகர் வந்து செய்து தருவதல்ல. "உன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும்" பேசு என்று உபாகமம் 6:7 சொல்கிறது. 1529-இல் ஜெர்மானிய சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர், விசுவாசத்தின் அடிப்படைகளைக் கேள்வி-பதிலாகக் கற்பிக்கும் சிறிய ஞானோபதேசத்தை எழுதியபோது, குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாகச் சொல்லிக்கொடுக்கும்படியே எழுதினார். அதில் இரவு ஜெபத்தைச் சொல்லி முடித்ததும் "உடனே மகிழ்ச்சியாய்த் தூங்கப் போ" என்ற பொருளில் ஓர் அறிவுரை உண்டு. ஜெபம் முடியும்போது பிள்ளைகளின் மனம் அப்படி இருக்கிறதா என்று பார்த்தாலே நாம் நடத்துவது சரியா என்று தெரிந்துவிடும்.

நேரமும் இடமும்

கடிகார நேரத்தைவிட, தினமும் தப்பாமல் நடக்கிற ஒரு வேலையோடு ஜெபத்தைக் கட்டிவிடுவது நல்லது. "எட்டரை மணி" என்றால் தவறும். "இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு வைக்கும் முன்" என்றால் தவறாது. சாப்பிட்ட பிறகு வைக்கும் வீடுகளில் சிறு பிள்ளைகள் பாட்டு முடிவதற்குள் தூங்கிவிடுவார்கள். பெரியவர்களுக்கும் கண் சொக்கும். பசி தாங்காத பிள்ளை இருந்தால் முன்னதாக ஒரு வாழைப்பழம் கொடுத்துவிடுங்கள். பசித்த பிள்ளையை உட்காரவைத்து ஜெபத்தை நீட்டினால், அதன் மனதில் ஜெபம் என்றாலே பசிதான் நிற்கும்.

அடுப்பு அணைந்த பிறகே தொடங்குங்கள். எல்லாரும் கூடத்தில் பாயில் உட்கார்ந்திருக்க, அம்மா மட்டும் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டு சமையலறை வாசலில் நின்றபடியே "ஆமென்" சொல்லும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதை மாற்றியே ஆகவேண்டும். அவர் வந்து உட்காரும்வரை மற்றவர்கள் காத்திருக்கட்டும். அதைவிட நல்லது, யாராவது போய்த் தேங்காய் துருவிக் கொடுத்து அவரைச் சீக்கிரம் கூட்டி வருவது.

செல்பேசிகள் வேறு அறையில் இருக்கட்டும். வேதாகமம் செல்பேசியில்தான் இருக்கிறது என்றால் இணையத்தை அணைத்துவிட்டுத் திறங்கள். ஆனாலும் அச்சிட்ட வேதாகமம் ஒன்றாவது நடுவில் இருப்பது நல்லது. நேற்று எங்கே நிறுத்தினோம் என்பதை அதில் வைத்த பழைய பஸ் டிக்கெட்டே சொல்லிவிடும். தேடுவதில் போகும் மூன்று நிமிடம் மிச்சம்.

பாட்டு

மூன்று நிமிடம் போதும். கீர்த்தனையாக இருந்தால் பல்லவியும் இரண்டு சரணமும். மேல்நாட்டு ராகத்தில் பாடும் பாமாலையாக இருந்தால் இரண்டு கவி. திங்கள் முதல் சனிவரை ஒரே பாட்டைப் பாடுங்கள். சனிக்கிழமைக்குள் எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கும் அது மனப்பாடமாகியிருக்கும். தினம் ஒரு புதுப் பாட்டு எடுத்தால் பாட்டுப் புத்தகம் கையில் இருப்பவர் மட்டும் பாடுவார். தொடங்கும் சுருதியைத் தாழ்வாக வையுங்கள். ஆலயத்தில் பாடும் உயரத்தில் எடுத்துவிட்டால் அநுபல்லவியில் எல்லார் குரலும் கம்மிவிடும்.

எதை வாசிப்பது, எவ்வளவு

ஆதியாகமத்தில் தொடங்கி வரிசையாகப் போகலாம் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். யாத்திராகமம் 25-ஆம் அதிகாரத்தில் ஆசரிப்புக் கூடாரத்தின் முழக்கணக்கு வரும். அதைத் தாண்டினால் லேவியராகமத்தின் பலிமுறைகள். முக்கால்வாசி வீடுகள் நிற்கும் இடம் அதுதான். அந்தப் பகுதிகள் வேண்டாதவை அல்ல. ஆனால் விளக்கம் இல்லாமல் பிள்ளைகளோடு இரவில் வாசிக்க ஏற்றவை அல்ல.

மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். பதினாறே அதிகாரம், சம்பவத்துக்கு மேல் சம்பவம். நாளுக்குப் பன்னிரண்டு வசனம் வாசித்தால் இரண்டு மாதத்துக்குள் முடியும். அடுத்து நான்கு அதிகாரமே உள்ள ரூத். பிறகு யோனா, அதுவும் நான்கு. ஆதியாகமம் 37 முதல் 50 வரையான யோசேப்பின் கதையைப் பிள்ளைகள் விடாமல் கேட்பார்கள். இடையில் 38-ஆம் அதிகாரத்தை மட்டும் தாண்டிவிட்டு, பெரியவர்களான பிறகு வாசிக்க விடுங்கள். பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் வேறு கணக்கும் உண்டு: புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஓர் அதிகாரம் என்றால் 52 வாரத்தில் சரியாக முடியும். 80 வசனமுள்ள லூக்கா முதலாம் அதிகாரம் போன்றவற்றை இரண்டாகப் பிரித்து, மிச்சத்தைச் சனிக்கிழமை வாசித்துவிடலாம்.

"ஆளுக்கொரு வசனம்" என்று சுற்றிவரும் வழக்கம் எல்லாரையும் சேர்த்துக்கொள்கிறது, உண்மைதான். ஆனால் நடப்பதைக் கவனியுங்கள். ஒவ்வொருவரும் தன் முறை எந்த வசனத்தில் வரும் என்று எண்ணி, அதையே மனதுக்குள் வாசித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மற்ற வசனங்கள் காதில் விழாது. இன்று ஒருவர் முழுப் பகுதியையும் வாசிக்க, மற்றவர்கள் புத்தகத்தை மூடிவைத்துக் கேட்கட்டும். நாளைக்கு அடுத்தவர்.

ஆங்கிலவழியில் படிக்கும் பிள்ளைக்குப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு கடினம். பகுதியை மத்தியானமே காட்டி ஒருமுறை வாசிக்க வைத்துவிடுங்கள். கூட்டத்தில் வாசிக்கும்போது நடுவில் திருத்தாதீர்கள். இரண்டு முறை திருத்து வாங்கிய பிள்ளை மூன்றாம் நாள் "தொண்டை வலி" என்று சொல்லும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் பொருள் சொல்லுங்கள். "கிருபை" என்றால் தகுதி பார்க்காமல் கிடைக்கும் தயவு. "நீடிய பொறுமை" என்றால் சீக்கிரத்தில் கோபப்படாமல் தாங்கிக்கொள்வது. வருஷத்தில் முந்நூறு சொல் சேர்ந்துவிடும்.

மனப்பாட வசனம் கேட்டால் "இயேசு கண்ணீர் விட்டார்" என்று ஓடிப்போய்ச் சொல்லும் பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம். "ஏன் அழுதார்?" என்று கேளுங்கள். யோவான் 11-ஆம் அதிகாரம் முழுதும் அந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது.

பேச்சு: நான்கு நிமிடம்

பிரசங்கம் செய்ய வேண்டாம். மூன்று கேள்வி போதும். இதில் யார் என்ன செய்தார்? எது விநோதமாக இருந்தது? நாளைக்கு நாம் என்ன செய்யப்போகிறோம்?

மூன்றாவது கேள்வியில்தான் விசுவாசம் வாசற்படியைத் தாண்டி வெளியே போகிறது. அதனால் அதற்கு மங்கலான பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். லூக்கா 10-இல் நல்ல சமாரியனை எடுத்துக்கொள்வோம். "எல்லாருக்கும் உதவி செய்வோம்" என்று பிள்ளை சொன்னால், பகுதிக்குத் திரும்பி அவன் செய்ததை எண்ணச் சொல்லுங்கள். கிட்ட வந்தான். எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான். காயங்களைக் கட்டினான். தன் வாகனத்தில் ஏற்றினான். சத்திரத்துக்குக் கொண்டுபோனான். பராமரித்தான். மறுநாள் இரண்டு பணம் கொடுத்தான். அதிகமாய்ச் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்றான். இரக்கம் என்ற ஒரு சொல்லுக்குள் எட்டு வேலை இருக்கிறது! இப்போது மறுபடியும் கேளுங்கள். "ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிற பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு நாளைக் காலையில் பால் பாக்கெட் வாங்கிக் கொடுக்கிறேன்" என்று வரும். ஆள், நேரம், வேலை மூன்றும் இருந்தால்தான் அது பதில். மறுநாள் இரவு, புதுப் பகுதியைத் திறக்கும் முன், அது நடந்ததா என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். நடக்காவிட்டால் திட்ட வேண்டாம், மறுபடியும் நாளைக்கு.

பதில் தெரியாத கேள்வி வரும். "ஆண்டவர் ஏன் அப்படிச் செய்தார்?" என்று பத்து வயதுப் பிள்ளை கேட்டால், தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். நோட்டில் குறித்துவைத்து ஞாயிற்றுக்கிழமை போதகரிடம் பிள்ளையே கேட்கட்டும். "அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்ற பதில் அந்தக் கேள்வியை அழிப்பதில்லை. பிள்ளை அதை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்விடும்.

ஜெபம்

வீட்டு ஜெபத்தை அதிகமாய்க் கெடுப்பது ஒன்று உண்டு. "ஆண்டவரே, இவனுக்குப் படிப்பில் கவனத்தைத் தாரும், செல்போனைக் கையில் வைத்துக்கொண்டே இருக்கிறானே அப்பா…" பார்ப்பதற்கு அது ஜெபம். கேட்கிற பிள்ளைக்கு அது திட்டு. கண்ணை மூடியிருப்பதால் பதில் சொல்லவும் வழியில்லை. மாமியாரும் மருமகளும் இதே முறையில் பேசிக்கொள்வதும் உண்டு. எதிரே இருப்பவரிடம் சொல்ல வேண்டியதை ஜெபத்துக்கு வெளியே, கண்ணைத் திறந்து, நேரில் சொல்லுங்கள். ஜெபத்தில் மற்றவரைப் பற்றி நன்றியும் தேவையும் மட்டும் சொல்வது என்று வீட்டில் ஒரு விதியே வைத்துவிடலாம். குறையைச் சொல்ல வேண்டுமானால் அவரவர் தம் குறையைச் சொல்லட்டும். "இன்று மத்தியானம் நான் காரணமில்லாமல் கத்திவிட்டேன், என்னை மன்னியும்" என்று அப்பா ஜெபிப்பதைக் கேட்டு வளரும் பிள்ளைக்கு மன்னிப்பு கேட்பது பாரமாக இராது. யாக்கோபு 5:16 சொல்வதும் அதுதான்.

ஆளுக்கு ஒரு நன்றி, ஒரு விண்ணப்பம். இரண்டும் இன்றைய நாளிலிருந்து வரட்டும். "இந்த நல்ல வேளைக்காக உம்மை ஸ்தோத்தரிக்கிறோம்" என்ற தொடர் தவறல்ல, ஆனால் அதே ஏழு தொடர்கள் தினமும் வந்தால் வாய் ஓடும், மனம் வேறெங்கோ இருக்கும். சிறு பிள்ளை "பல்லி போனதுக்கு ஸ்தோத்திரம்" என்றால் அதுவும் நன்றிதான், சிரிக்காதீர்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: தேதி, விண்ணப்பம், நடந்தது. மூன்றாம் பத்தியில் "கிடைத்தது" மட்டுமல்ல, "கிடைக்கவில்லை", "காத்திருக்கிறோம்" என்பவையும் உண்மையாக எழுதப்பட வேண்டும். கிடைத்தவற்றை மட்டும் சொல்லி வளர்த்த பிள்ளை, முதல் பெரிய இழப்பில் திகைத்து நிற்கும். அடுத்த வீட்டாரின் கடன், கல்யாணத் தடை போன்றவற்றைப் பெயர் சொல்லி ஜெபித்தால், அது வீட்டுக்கு வெளியே போகக் கூடாது என்பதையும் அன்றே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

முடிவில் எல்லாரும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபம், நிதானமாக.

மனம் சரியில்லாத நாட்கள்

கணவன் மனைவிக்குள் சண்டை நடந்த இரவில் வழக்கம்போல் பாடி, வாசித்து, ஜெபித்தால் பிள்ளைகளுக்கு அது நாடகமாகத் தெரியும். முற்றிலும் விட்டுவிட்டாலும் தவறு. அன்று கர்த்தருடைய ஜெபம் மட்டும். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடத்தில் நிறுத்தி, அரை நிமிடம் மௌனம். சூரியன் அஸ்தமிக்கும் முன் எரிச்சல் தணியட்டும் என்று எபேசியர் 4:26 சொல்வதை, பிள்ளைகள் தூங்கிய பிறகு பெரியவர்கள் இருவரும் செய்து முடிக்கட்டும்.

சாவு நடந்த வீட்டில் உடனே "எல்லாம் நன்மைக்கே" என்ற தொனியில் வாசிக்காதீர்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும் 13-ஆம் சங்கீதம் ஆறே வசனம். 88-ஆம் சங்கீதம் கடைசிவரை ஆறுதல் வராமலே முடிகிறது. அப்படி ஒரு ஜெபத்துக்கும் வேதத்தில் இடம் கிடைத்திருக்கிறது என்பதே அழுகிறவர்களுக்குத் துணை.

இரண்டு வாரம் விட்டுப்போயிற்றா? பாக்கியைத் தீர்க்க முயலாதீர்கள். பஸ் டிக்கெட் இருக்கும் பக்கத்திலிருந்து இன்றைக்குரிய பன்னிரண்டு வசனம், அவ்வளவுதான்.

வேறு மதத்து நண்பர் வீட்டில் இருக்கும் இரவில் ஜெபத்தை ரத்து செய்யவும் வேண்டாம், அவருக்காக ஒரு பிரசங்கத்தைச் சேர்க்கவும் வேண்டாம். "கால் மணி நேரம் ஜெபம், உங்களுக்குச் சம்மதமென்றால் உட்காருங்கள், இல்லையென்றால் மாடியில் காற்றாட இருங்கள்" என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

அப்பாவோ அக்காவோ துபாயில் வேலை செய்கிறார் என்றால், வாரத்தில் ஒரு நாள் காணொளியில் சேரலாம். இங்கே இரவு ஒன்பது என்றால் அங்கே ஏழரை. பாட்டை இரண்டு பக்கமும் சேர்ந்து பாட முயன்றால் குரல் பிந்தி வந்து தாளம் குழம்பும். ஒரு பக்கம் மைக்கை அணைத்துவிட்டு வாயசைத்துப் பாடட்டும். அன்றைய வாசிப்பைத் தூரத்தில் இருப்பவருக்குக் கொடுங்கள். நோட்டின் மூன்றாம் பத்தியில் அந்த வாரம் எழுதியவற்றை ஒரு பிள்ளை அவருக்கு வாசித்துக் காட்டட்டும்.