மகரக்கட்டு வந்துவிட்டதா? பாட்டை விடாதே தம்பி, கட்டையை விடு

மகரக்கட்டு என்றால் வளர்கிற பையனுக்குக் குரல் உடைந்து மாறுவது. எனக்கு அது வந்தது பதின்மூன்று வயதில், நவராத்திரி சமயத்தில், எதிர்வீட்டு மாமியின் கொலு முன்னால். வழக்கம் போல ஐந்தரைக் கட்டையில் (கட்டை என்பது பாட்டுக்கு ஆதாரமாக வைக்கும் ஸ்ருதியின் அளவு) ஆரம்பித்தேன். பல்லவி ஒழுங்காகத்தான் போனது, அனுபல்லவியில் தார ஷட்ஜத்தை, அதாவது மேல் 'ஸ'வைப் பிடிக்கப் போன இடத்தில் குரல் ரெண்டாகப் பிளந்து பாதி விசிலாக மேலேயும் பாதி கரகரப்பாகக் கீழேயும் போய்விட்டது. முன்னால் உட்கார்ந்திருந்த வாண்டுகள் எல்லாம் ஒரே சிரிப்பு. மாமி ஒன்றும் சொல்லவில்லை, சுண்டல் பொட்டலத்தை மட்டும் வழக்கத்தைவிடப் பெரிதாகக் கட்டிக் கொடுத்தார். சிரிப்பைவிட அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அதற்கப்புறம் நான் செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். அடுத்த எட்டு மாதம் அதே ஐந்தரையைப் பிடித்துக்கொண்டு தினமும் காலையில் கத்தினேன். சாதகம் (பயிற்சி) போதவில்லை, இன்னும் கத்தினால் பழைய குரல் திரும்பி வந்துவிடும் என்று நினைப்பு. வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்ததும் சாயங்காலம் ஆனால் பேச்சே வராமல் போனதும்தான் மிச்சம். கடைசியில் அடுத்த தெருவில் இருந்த ஒரு வீணை வாத்தியார்தான் என்னை உட்காரவைத்து, "குரல் எங்கேடா இருக்கு, நீ எங்கே தேடற?" என்று கேட்டார். நீ அந்த எட்டு மாதத்தை வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள். குரல்வளை பெரிதாகிறது, அதற்குள் இருக்கும் குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன, அதனால் பேச்சுக் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு 'ஸ'விலிருந்து அடுத்த 'ஸ' வரை உள்ள தூரம், இறங்குகிறது. நாண் வளர்கிற வேகத்துக்கு அதை இழுத்துப் பிடிக்கும் தசைகளின் பழக்கம் ஈடுகொடுக்காது, அதுதான் பிசிறு. பெரும்பாலும் பன்னிரண்டிலிருந்து பதினைந்துக்குள் ஆரம்பிக்கும், சிலருக்கு சில மாதத்தில் முடியும், சிலருக்கு இரண்டு வருஷம் இழுக்கும். அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் ஸ்த்ரீபார்ட் (பெண் வேஷம்) போட்ட பையன்கள் மகரக்கட்டு என்ற வார்த்தையைக் கேட்டாலே நடுங்குவார்களாம், வேஷமே போய்விடும். உனக்கு எதுவும் போகப்போவதில்லை.

சரி, செய்ய வேண்டியது என்ன? குரல் இறங்க இறங்க ஸ்ருதியும் கூடவே இறங்க வேண்டும். "கொஞ்ச நாளில் சரியாகிவிடும், அதுவரை அதே கட்டையில் ஒப்பேற்று" என்று யார் சொன்னாலும் கேட்காதே. வாரம் ஒரு முறை இப்படி அளந்து பார். காலையில் எழுந்த உடனே அளந்தால் ஏமாந்துபோவாய், தூங்கி எழுந்த குரல் எப்போதும் கொஞ்சம் கீழே இருக்கும், அதனால் சாயங்காலமே அள. ஒரு கீபோர்டோ ஃபோனில் ஒரு கீபோர்டு ஆப்போ போதும். அதில் C என்ற வெள்ளைக் கட்டை ஒன்று, அடுத்தடுத்த வெள்ளைகள் இரண்டு, மூன்று என்று ஏழு வரை, நடுவில் இருக்கும் கறுப்புகள் ஒன்றரை, இரண்டரை என்று அரைகள், ஏழுக்கு மேலே மறுபடி ஒன்று. வாயை மூடி "ம்ம்" என்று ஒவ்வொரு கட்டையாகக் கீழே இறங்கு. குரல் கரகரவென்று பொரிய ஆரம்பிக்கிற இடத்துக்கு ஒரு கட்டை மேலே நில், நிம்மதியாக நிறுத்திப் பாட முடிகிறதா பார். அதுதான் உன் மந்த்ர பஞ்சமம், கீழ் ஸ்தாயி 'ப'. அங்கிருந்து கறுப்பு, வெள்ளை எல்லாம் சேர்த்து ஐந்து கட்டை மேலே எண்ணினால் இந்த வாரத்து ஷட்ஜம், மத்ய (நடு) ஸ்தாயி 'ஸ'. உதாரணமாக உன் கீழ் எல்லை ஆறரை என்று வந்தால், ஏழு, ஒன்று, ஒன்றரை, இரண்டு, இரண்டரை: இந்த வாரம் உனக்கு இரண்டரைக் கட்டை. (மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்புக் கட்டை கிடையாது, மூன்றரை என்று தேடாதே. நான் தேடியிருக்கிறேன்.) தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வை, கீழே எதுவரை, மேலே எதுவரை என்று. நாலு மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால் பயம் பாதி குறைந்துவிடும், ஏனென்றால் குரல் கெட்டுப்போகவில்லை, ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டிருக்கிறது என்று எழுத்தில் தெரியும்.

சிலருக்கு நடுவில் ஓட்டை விழும். கீழேயும் வரும், மேலேயும் மெல்லிசாக வரும், நடுவில் இரண்டு ஸ்வரம் வெறும் காற்றாகப் போகும். அதை அழுத்தி நிரப்பப் பார்க்காதே. அந்த இடத்தை மெதுவாக, பேசுகிற சத்தத்தில், மேலேயிருந்து கீழே வழுக்கிக்கொண்டு கட. ஏறும்போது உடைகிற குரல் இறங்கும்போது அவ்வளவு உடையாது, அதனால் கொஞ்ச நாளைக்கு சரளி வரிசை என்ற ஆரம்பப் பாடத்தையே பஞ்சமத்தில் தொடங்கி ஷட்ஜத்துக்கு இறங்குவதாக வைத்துக்கொள். இன்னொன்று, கண்ணாடி முன்னால் பாடு. மேல் ஸ்வரம் வருகிறபோது தாடை தூக்குகிறதா என்று பார். தூக்கினால் அந்த ஸ்வரம் இன்றைக்கு உன்னுடையது இல்லை, விட்டுவிடு.

ஒரேயடியாக ஒரு மணி நேரம் உட்காராதே. பத்துப் பத்து நிமிஷமாக மூன்று தடவை போதும். மந்த்ரத்திலும் மத்யத்திலும் விளம்ப காலத்தில் (மெதுவாக) அகாரம், அதாவது ஸ்வரங்களை 'ஆ' என்று பாடு. மேல்ஸ்தாயி வரிசை, மூன்றாம் காலத்து ப்ருகா (வேகமாக உருளும் சங்கதிகள்) எல்லாம் பரண்மேல் போடு. கள்ளக்குரலில் (மெல்லிய பொய்க் குரலில்) மேல் ஷட்ஜத்தைத் தொட்டுவிட்டு வந்துவிட்டதாக நினைக்காதே, அது பழகினால் பிறகு கழற்றுவது கஷ்டம்.

அப்படியானால் பாடுவதற்கு என்னதான் மிச்சம் என்று கேட்பாய். நிறைய இருக்கிறது, நம் சங்கீதத்தில் இதற்கென்றே செய்த மாதிரி ராகங்கள் உண்டு. நவரோஜ் மந்த்ர பஞ்சமத்தில் ஆரம்பித்து மத்ய பஞ்சமத்தோடு நின்றுவிடும், சரியாக ஒரே ஒரு ஸ்தாயி, அதுவும் மேலே சொன்ன கணக்குப்படி ஸ்ருதி வைத்தால் உன் கீழ் எல்லையிலிருந்தே தொடங்கும். புன்னாகவராளியும் நாதநாமக்ரியாவும் நிஷாதத்தைத் தாண்டாது, குறிஞ்சி தைவதத்தோடு சரி, செஞ்சுருட்டியும் இந்த வகைதான். கச்சேரியில் கடைசியாக, மத்யமத்தை ஷட்ஜமாக வைத்து மத்யம ஸ்ருதியில் துக்கடாவாக (சின்ன உருப்படியாக) பாடிவிட்டுப் போகிற ராகங்கள் என்று இவற்றை லேசாக நினைத்துவிடுகிறோம். நீ ஆறு மாதம் இவற்றிலேயே கிட. தார ஷட்ஜம் இல்லாமல் ஒரு ராகத்தை நிறுத்திக் காட்டக் கற்றுக்கொண்டவன் பின்னால் தோடியோ காம்போதியோ பாடும்போது அவசரப்பட மாட்டான். இது என் அபிப்ராயம்தான், ஆனால் உறுதியான அபிப்ராயம்.

குரல் ஓய்ந்திருக்கிற நேரத்தில் கையும் காதும் வேலை செய்யலாம். வீணையோ வயலினோ கொஞ்சம் பழகு. பெரிய பாடகர் செம்மங்குடியே சின்ன வயதில் கோட்டுவாத்தியம் என்ற தந்தி வாத்தியம் வாசித்த சகாராம ராவிடம் கற்றவர்தான், தந்தியில் கேட்ட கமகம் (ஸ்வரத்தின் அசைவு) தொண்டைக்கு வராமல் போகாது. தாளம் போட்டுக்கொண்டு மனசுக்குள் கல்பனாஸ்வரம் (அப்போதைக்கப்போது கற்பனையில் அமைக்கும் ஸ்வரங்கள்) பாடு, சாகித்யத்தை அர்த்தத்தோடு மனப்பாடம் செய், கொன்னக்கோல் (தாளச் சொற்களை வாயால் சொல்வது) கற்றுக்கொள்.

வகுப்பில் எல்லோரும் பெண்களாக இருந்து ஐந்து கட்டையில் பாடினால் உனக்குச் சங்கடம்தான். அவர்களோடு சேர்ந்து மேலே போகவும் முடியாது, ஒரு ஸ்தாயி கீழே பாடினால் மந்த்ரமும் வராது, மத்யத்தின் அடிப்பகுதியும் வராது. மத்யத்தின் மேல்பகுதியிலும் அதற்கு மேலேயும் மட்டும் ஒரு ஸ்தாயி கீழே சேர்ந்துகொண்டு மற்ற இடத்தில் தாளம் போடு. வாத்தியாரிடம் தனியாகப் போய், "சார், குரல் மாறுது, கொஞ்ச நாள் இரண்டரையில் பாடிக்கறேன்" என்று வாயைத் திறந்து சொல். அவருக்கும் ஒரு காலத்தில் உடைந்ததுதானே.

தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கும் குரல் இரண்டு மூன்று அரைக்கட்டை அளவுக்கு இறங்கும், கொஞ்ச நாள் காற்று கலந்து வரும். ஆறு கட்டைப் பெண் ஐந்தரைக்கோ ஐந்துக்கோ வருவது குறை இல்லை.

மருந்து என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள். பனங்கற்கண்டு, மிளகு, அதிமதுரம், சித்தரத்தை எல்லாம் தொண்டைக்கு இதமாக இருக்கும், சாப்பிடலாம், ஆனால் விழுங்குவது உணவுக்குழாய்க்குத்தான் போகிறது, குரல் நாண் மேல் படுவதில்லை, மகரக்கட்டையும் அது நிறுத்தாது. தண்ணீர், தூக்கம், கிரவுண்டில் நின்று கத்தாமல் இருப்பது, அடிக்கடி செருமாமல் இருப்பது, இவைதான் நிஜமான மருந்து. ஆனால் கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தாலோ, பாடினால் வலித்தாலோ, வயசுக் கோளாறு என்று தள்ளிப்போடாமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டு. நாணில் காய்ப்பு விழுந்திருந்தால் அதற்கு வைத்தியமே வேறு.

அப்பா அம்மாவுக்கு: இந்த வருஷம் போட்டிக்குப் பெயர் கொடுக்க வேண்டாம். வருகிறவர்கள் முன்னால் "ஒரு பாட்டுப் பாடுடா" என்று நிறுத்த வேண்டாம். முன்னே எப்படிப் பாடுவான் தெரியுமா என்று அவன் காதுபடப் பெருமூச்சு விடவே வேண்டாம்.

குரல் உட்கார்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? நோட்டில் கீழ் எல்லை மூன்று மாதம் தொடர்ந்து ஒரே இடத்தில் நின்றால் கிட்டத்தட்ட முடிந்தது. பல ஆண்களுக்கு ஒன்றிலிருந்து இரண்டரைக்குள் வந்து நிற்கும், எனக்கு ஒன்றரை. அதற்கப்புறம் தார ஷட்ஜத்தை மறுபடி தொடு, அடுத்த மாதம் ரிஷபம், அதற்கடுத்த மாதம் காந்தாரம். பதினெட்டு வயது வாக்கில் அரைக்கட்டை ஏற்றிக்கொள்ளலாமா என்று தோன்றும், அதை அப்போது உன் வாத்தியாரோடு உட்கார்ந்து பார்த்துக்கொள்.