தீ எரிகிறது, சூடு மட்டும் ஏறவில்லை

புரொப்பேன் கிரில்லில் தீ மினுக் மினுக்கென்று எரிந்ததே தவிர, கம்பித் தட்டு சூடாகவே இல்லை. சிலிண்டர் காலியோ? பக்கவாட்டில் வெந்நீர் ஊற்றித் தடவினேன். பாதிக்குக் கீழே சில்லென்றிருந்தது. திரவம் நிற்கும் மட்டம் அதுதான், கேஸ் தாராளமாக இருக்கிறது.

அப்போ கோளாறு ரெகுலேட்டர் பக்கம். கசிவு என்று தோன்றினால் ஓட்டத்தைத் தானே குறைக்கும் பாதுகாப்பு அமைப்பு அங்கே உண்டு. சிலிண்டரைச் சட்டென்று திறந்தாலும் அது ஏமாந்துவிடும்!

சிலிண்டரையும் பர்னர் குமிழ்களையும் மூடி, இணைப்பைக் கழற்றி, சில நிமிடம் விட்டு மாட்டினேன். குமிழ்கள் மூடியிருக்கும்போதே வால்வை மெதுவாகத் திறந்தேன். இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவினேன்; நுரை பொங்கவில்லை. அப்புறம் கிரில் மூடியைத் திறந்துவைத்துப் பற்றவைத்தால், நீலத் தீ முழு வீச்சில்! இதற்கும் மசியாவிட்டால் ரெகுலேட்டரைப் பிரித்துக் குடையாமல் புதிதாக மாற்றிவிடுங்கள்.