பழைய கட்டடத்து ஜன்னல் கண்ணாடி: உடையாததில் கை வைக்காதீர்கள்

வேலை பழகும் பையன்கள் இருவர் ஒரு பழைய கட்டடத்தில் ஜன்னல் கழற்றிக்கொண்டிருந்தார்கள். உடைந்திருந்தது ஒரே ஒரு கண்ணாடி. சாக்குக்குள் போயிருந்தது எட்டு. ஏன் என்று கேட்டேன். "எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டுமேன்னுதான் அண்ணே" என்றான் ஒருவன். வேலைக்கு வந்த புதிதில் நானும் இதையேதான் சொன்னேன். கையுறை போடு, அளவை இரண்டு முறை பார் என்பதெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். அவர்கள் சொல்லாத தவறுகளை நான் சொல்கிறேன்.

உடையாத கண்ணாடியையும் கழற்றுவது

அந்தப் புதிதில் என் கைக்கு வந்தது, 12 கட்டம் போட்ட, மேலும் கீழும் நகரும் ஜன்னல். ஒரு கட்டத்தில் விரிசல். அதை மட்டும் மாற்றினேன். புதியது பளிச்சென்று இருந்தது. மற்ற பதினொன்றிலும் அலையும் குமிழுமாகத் தெரிந்தது. கட்டடக்காரருக்கு அது உறுத்தியது. "கண்ணாடி நாளாக நாளாகக் கீழே வழியுமாமே, இதற்கெல்லாம் வயதாகிவிட்டது" என்றார். நானும் தலையாட்டினேன்.

கண்ணாடி வழியாது. அந்த அலை செய்யும்போதே வந்தது. வாயால் ஊதி உருளையாக்கி, நீளவாக்கில் கீறி, சூளையில் விரித்துத் தட்டையாக்கிய கண்ணாடி அது. ஒரு பக்கம் தடித்திருந்தால் அது பிறவித் தடிப்பு. உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்யும் ஃப்ளோட் கண்ணாடி 1959-இல்தான் அறிவிக்கப்பட்டது.

சரி, பதினொன்றையும் எடுத்தேன். சாயங்காலம் வெளியே நின்று பார்க்கிறேன்: பக்கத்து ஜன்னல்களில் மரக்கிளை நெளிந்து ஆடுகிறது, என் ஜன்னல் மட்டும் வெறித்துக்கொண்டு நிற்கிறது.

அதோடும் விடவில்லை. பழையது சுமார் 2 மி.மீ., நான் போட்டது 4. ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மி.மீ. தடிப்புக்கும் 2.5 கிலோ கனக்கும். ஆக 5 கிலோ இருந்த இடத்தில் 10. சட்டத்துக்குள் கயிற்றில் தொங்கும் எதிர் எடைகளோ பழைய கனத்துக்குக் கட்டியவை. தூக்கிவிட்ட கதவு தடாலென்று இறங்கியது. எடை கூட்டி, கயிறு மாற்றி, கைக்காசில் சரிசெய்தேன். கண்ணாடியைத்தான் திருப்பித் தர முடியவில்லை. அப்படி ஊதிச் செய்கிற பட்டறைகள் இன்று மிகச் சில. இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான், கட்டடக்காரர் மேல் பாதி, என் மேல் பாதி.

உடைந்ததை மட்டும் மாற்றுங்கள். தடிப்பை அளந்து, அதே தடிப்பில் வாங்குங்கள். வேறொன்றை எடுத்தே ஆக வேண்டுமென்றால் எந்தக் கட்டம், எந்த முகம் வெளியே என்று எழுதி வையுங்கள். அந்தப் பையன்களின் சாக்கைக் கொட்டிப் பார்த்தோம். எட்டில் ஐந்து முழுசாக இருந்தது. திரும்ப ஏற்ற வைத்தேன்.

இறுகிய புட்டியை உளியால் அடிப்பது

புட்டி என்றால் கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்து வைக்கும் பூச்சு மாவு. இறுகியதை உளியால் அடித்தால் பக்கத்துக் கட்டத்துக் கண்ணாடியும் போகும். சூடு காட்டி இளக்கிச் சுரண்டுங்கள், ஆனால் கண்ணாடியை மறைத்துக்கொண்டு. ஒரே இடத்தில் சூடேறினால் விரிசல் விட்டுவிடும். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்வாகத் தேய்த்தால் தூசி உள்ளே போகும், சூடு மிஞ்சினால் புகை.

புட்டிக்குப் பதில் சிலிக்கான் பசை

வேண்டாம். அதன் மேல் வண்ணம் ஒட்டாது, பின்னால் வருகிறவன் கண்ணாடியை உடைத்துத்தான் எடுப்பான்.

வெறும் மரத்தில் புட்டி வைப்பது

காய்ந்த மரம் புட்டியிலுள்ள ஆளிவிதை எண்ணெயைக் குடித்துவிடும். புட்டி வெடித்து உதிரும். கண்ணாடி உட்காரும் மரப் பள்ளத்துக்கு முதலில் எண்ணெயோ ப்ரைமரோ (அடிப்பூச்சு) பூசுங்கள்.

கண்ணாடியைச் சட்டத்தின் முழு அளவுக்கு இறுக்கி வெட்டுவது

மரம் ஊதும். சுற்றிலும் ஒன்றரை மி.மீ. விடுங்கள்.

வண்ணத்தைப் புட்டியோடு நிறுத்துவது

புட்டி மேலே தோல் கட்ட ஒரு வாரமாவது ஆகும், பல நேரம் அதற்கும் மேலே. அப்புறம் வண்ணம் அடிக்கும்போது கண்ணாடி மேலும் 1 அல்லது 2 மி.மீ. ஏற்றி அடிக்க வேண்டும். கோடு நேராக வரட்டும் என்று டேப் ஒட்டி, புட்டி விளிம்போடு உரித்துவிடுகிறார்கள். மழைத் தண்ணீர் இறங்குவது சரியாக அந்த இடுக்கில்.