பொருளாதாரம் எழுந்தால் பாராட்டு யாருக்கு? நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

கடலூரில் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போனால் எல்லையான முள்ளோடையில் ஆட்சி மாறிவிடும். சாலை அதேதான், வெயிலும் அதேதான். 2021 மே 7 அன்று இந்தச் சாலையின் இரண்டு பக்கத்துக்கும் ஒரே நாளில் புது முதலமைச்சர்கள் வந்தார்கள். தமிழ்நாட்டில் மு.க. ஸ்டாலின், புதுச்சேரியில் என். ரங்கசாமி. இரண்டும் எதிரெதிர் கூட்டணிகள். கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நேரம் அது.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவன். என்னிடம் வரும் கடைக்காரர்கள் எல்லைக்கு இந்தப் பக்கமும் இருக்கிறார்கள், அந்தப் பக்கமும் இருக்கிறார்கள். 2022 மார்ச் கணக்கு முடிக்கும் சமயத்தில் புதுச்சேரிப் பக்கம் கிருமாம்பாக்கத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் சொன்னார்: "எங்க ஆட்சி வந்ததுக்கு அப்புறம்தான் தம்பி வியாபாரமே எழுந்துச்சு." அதே வாரம் கடலூர்ப் பக்கம் திருப்பாதிரிப்புலியூரில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருப்பவர் வந்து, அதே வார்த்தையைத் தன் ஆட்சிக்குச் சொல்லிவிட்டுப் போனார். இருவரும் மனதாரத்தான் சொன்னார்கள். இருவர் கணக்கையும் எழுதியவன் என்பதால் எனக்கு ஒன்று தெரியும். இரண்டு கடையின் விற்பனையும் ஏறக்குறைய ஒரே மாதத்தில் விழுந்து, ஒரே மாதத்தில் எழுந்திருந்தது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நமக்குப் பள்ளியிலேயே தெரியும். ஆனால் ஆட்சி, பொருளாதாரம் என்று வந்துவிட்டால் அதை மறந்துவிடுகிறோம். பதவியேற்ற நாளுக்குப் பிறகு நடந்த நல்லதெல்லாம் அந்தப் பதவியால் வந்தது என்று நினைப்பதுதான் முதல் தவறு, மற்ற தவறுகளுக்கு வேரும் அதுதான். இதிலிருந்து தப்பிக்க எளிய வழி, பக்கத்து ஊரைப் பார்ப்பது. வேறு கட்சி ஆளும் இடமும் அதே வேகத்தில் எழுந்திருந்தால், இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று தூக்கிவிட்டிருக்கிறது என்று அர்த்தம். தொற்று குறைந்தது, தடுப்பூசி வந்தது, ஊரடங்கு தளர்ந்தது, பள்ளிகள் திறந்தன. நோட்டுப் புத்தகக் கடைக்குப் பள்ளி திறந்ததைவிடப் பெரிய பொருளாதாரத் திட்டம் எது?

சதவீதம் செய்யும் மாயம்

2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் இந்தியாவின் ஒட்டுமொத்த உள்நாட்டு உற்பத்தி, முதலில் வெளியான கணக்குப்படி, 23.9 சதவீதம் சரிந்தது. அடுத்த வருடம் அதே காலாண்டில் 20.1 சதவீத வளர்ச்சி என்று அறிவிப்பு வந்தது. "24 விழுந்தோம், 20 எழுந்தோம், இன்னும் 4தான் பாக்கி" என்று படித்தவர்களே பேசியதைக் கேட்டிருக்கிறேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 ரூபாய் வியாபாரம் 76 ஆகிவிட்டது. அந்த 76-க்கு 20 சதவீதம் என்றால் 15 ரூபாய் சொச்சம்தான். ஆக 91 ரூபாய். பழைய இடத்துக்கு இன்னும் 9 ரூபாய் குறைகிறது. வளர்ச்சி விகிதம் பெரிதாகத் தெரிவது பள்ளம் ஆழமாக இருந்ததால். ஆகவே மீட்சி என்று யாராவது சொன்னால், "எத்தனை சதவீதம்" என்று கேட்காதீர்கள். "விழுவதற்கு முன்பு இருந்த இடத்துக்கு வந்தோமா" என்று கேளுங்கள். அந்த இடத்துக்கு வந்த பிறகும்கூட ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. விழாமலே இருந்திருந்தால் இந்நேரம் எங்கே இருந்திருப்போம்? இடைப்பட்ட வருடங்களின் வளர்ச்சி போனது போனதுதான்.

இன்னொன்று, இந்த எண்கள் நிலையாக நிற்பவையும் அல்ல. 2020-21 முழு வருடச் சரிவு 2021 மே மாதக் கணக்கில் 7.3 சதவீதம் என்று வந்தது. பிறகு திருத்தித் திருத்தி 5.8 வரை குறைந்தது. முதல் நாள் தலைப்புச் செய்தியை வைத்துக்கொண்டு மாலை போடுவதும் தவறு, கல் எறிவதும் தவறு.

பருவமும் இப்படி ஏமாற்றும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மே மாதத்தில் கடலூர் துறைமுகத்தைப் பார்த்துவிட்டு ஜூலையில் போய்ப் பார்த்தால் யாருக்கும் பெரிய மீட்சியாகத்தான் தெரியும். ஒரு ஜூலையை இன்னொரு ஜூலையோடுதான் ஒப்பிட வேண்டும்.

யார் கையில் எந்தச் சாவி

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்தத் தவறுதான். "அரசு" என்று ஒற்றைச் சொல்லில் சொல்லிவிடுகிறோம். எந்த அரசு? எந்த அதிகாரம்?

கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் 47.5 அடியைத் தொட்டால் மாவட்டமே மகிழ்கிறது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? குடகில் மழை பெய்தது. கர்நாடக அணைகள் நிரம்பி மேட்டூருக்கு வந்தது. மேட்டூரில் திறந்துவிட்டார்கள். கொள்ளிடத்தில் வந்ததைக் கீழணையில் தேக்கி, வடவாறு வழியாக ஏரிக்கு அனுப்பினார்கள். மழைக்கு எந்த அமைச்சரும் பொறுப்பில்லை. ஆனால் வடவாற்றைத் தூர்வாரியதற்கும், கரை உடையாமல் காத்ததற்கும், ஷட்டரைச் சரியான நேரத்தில் திறந்ததற்கும் பொறுப்பானவர்கள் இருக்கிறார்கள்.

கொரோனா மந்தநிலையில் வட்டி விகிதம் ரிசர்வ் வங்கியின் கையில் இருந்தது. 2020 மார்ச்சில் ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான வட்டியை, 5.15-லிருந்து 4.40 சதவீதமாகவும், மே மாதத்தில் 4 சதவீதமாகவும் குறைத்தது. கடன் தவணையை ஆகஸ்ட் 31 வரை தள்ளிப்போட அனுமதி தந்ததும் அதுதான். சிறு தொழில்களுக்கு ஏற்கெனவே இருந்த கடனில் 20 சதவீதம் வரை கூடுதல் கடன், அதற்கு முழு உத்தரவாதம் என்ற 3 லட்சம் கோடித் திட்டம் ஒன்றிய அரசுடையது. இதில் எதையும் முள்ளோடைக்கு எந்தப் பக்கத்து முதலமைச்சரும் செய்திருக்க முடியாது.

மாநிலத்தின் கையில் என்ன இருந்தது? ஜிஎஸ்டி வந்த பிறகு ஒரு மாநிலம் தானாக வரியைக் கூட்டவோ குறைக்கவோ பெட்ரோல், டீசல், மது, பத்திரப்பதிவு போன்ற சிலவைதான் மிச்சம். புதுச்சேரியின் நிலை இன்னும் இறுக்கம். நிதி ஆணையம் மாநிலங்களுக்குப் பிரித்துத் தரும் மத்திய வரிப் பங்கு யூனியன் பிரதேசமான புதுச்சேரிக்குக் கிடையாது; ஒன்றிய அரசு ஒதுக்கும் மானியத்தை நம்ப வேண்டும். கோப்பு துணைநிலை ஆளுநர் வழியாகப் போய்வர வேண்டும். இவ்வளவு சிறிய சாவிக்கொத்தை வைத்திருப்பவரிடம் நாட்டின் மந்தநிலையைத் தீர்த்த பெருமையைக் கொடுப்பதும் நியாயமில்லை, தீர்க்கவில்லை என்று திட்டுவதும் நியாயமில்லை.

கையில் இருந்த சாவியை எப்படித் திருப்பினார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். 2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று உத்தரவு வந்தது. ஜவுளிக்கடை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் தினமும் பஸ் ஏறும் பெண்களின் கையில் அது மாதாமாதம் பணமாக நின்றது. வளர்ச்சிப் புள்ளிவிவரத்தில் தேடினால் இது கண்ணில் படாது. ஆனாலும் அது ஒரு முடிவு, எடுத்தவருக்கு உரியது.

புதுச்சேரியில் 2020-இல் மதுவுக்குக் கொரோனா வரி போட்டு, விலையைத் தமிழ்நாட்டு அளவுக்கு உயர்த்தினார்கள். பிறகு விலக்கினார்கள். விலக்கியதும் எல்லைக் கடைகளில் கூட்டம் திரும்பினால், அதை மீட்சி என்று எழுதிவிடலாமா? கடலூர்க்காரர் இந்தப் பக்கம் செலவழித்திருக்கக்கூடிய பணம் அந்தப் பக்கம் போயிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போனதை வளர்ச்சி என்று எண்ணுவது எல்லையோர ஊர்களில் சுலபமாக நடக்கும் பிழை.

அதிர்ஷ்டத்தையும் முடிவையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 2020-இல் கச்சா எண்ணெய் விலை சரிந்தது அதிர்ஷ்டம். அதே வருடம் மே மாதத்தில் ஒன்றிய அரசு பெட்ரோலுக்கு லிட்டருக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரியை உயர்த்தி அந்த லாபத்தைக் கஜானாவுக்குக் கொண்டுபோனது முடிவு. அது சரியா தப்பா என்று தாராளமாக வாதாடலாம். வாதாட வேண்டியது அங்கேதான்.

தேதிகள் தள்ளித்தான் வரும்

மந்தநிலை முடிந்த நாளும், முடிந்ததாக நாம் உணரும் நாளும் ஒன்றல்ல. அமெரிக்காவில் 1990-இல் தொடங்கிய மந்தநிலை 1991 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. ஆனால் வேலையின்மை அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டே போய், 1992 ஜூனில் 7.8 சதவீதத்தைத் தொட்டது. பொருளாதாரம் படுத்துவிட்டது என்ற கோபத்துக்கு நடுவே அந்த நவம்பரில் நடந்த தேர்தலில் அதிபர் ஜார்ஜ் புஷ் (மூத்தவர்) கிளிண்டனிடம் தோற்றார். மந்தநிலை எப்போதோ முடிந்துவிட்டது என்று அங்குள்ள பொருளாதார ஆய்வாளர் குழு அறிவித்தது டிசம்பரில்! அறுவடை கிளிண்டன் ஆட்சியில் கண்ணுக்குத் தெரிந்தது.

2009-லும் இப்படித்தான். அந்த மந்தநிலை ஜூனில் முடிந்தது; வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டது அக்டோபரில். வங்கிகளைக் காப்பாற்றும் 70,000 கோடி டாலர் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் முந்தைய அதிபரான இளைய புஷ். ஊக்கச் செலவுச் சட்டம் ஒபாமாவுடையது. பாராட்டை ஒருவர் கணக்கில் மட்டும் எழுதினால் பேரேடு சரிவராது.

நம் நாட்டில் 1991-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நரசிம்ம ராவ், மன்மோகன் சிங் என்றுதான் எல்லோரும் சொல்வோம். ரூபாய் மதிப்பைக் குறைத்ததும், தொழில் உரிம முறையைத் தளர்த்தியதும் அவர்கள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்நியச் செலாவணி வற்றியபோது, மே மாதத்திலேயே 20 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அவமானத்தைச் சுமந்தது சந்திரசேகர் அரசு. ஜூலையில் 47 டன்னை அடகு வைத்தது ராவ் அரசு. கசப்பு மருந்து கொடுத்தவர் போய்விடுவார், ஜுரம் விட்ட பிறகு வந்தவர் பேர் வாங்குவார். இதைக் கவனித்தால் அரசியல்வாதிகள் ஏன் கசப்பு மருந்துக்குப் பயப்படுகிறார்கள் என்பதும் புரியும்.

"தானாகவே எழுந்தது" என்பதும் தவறு

இவ்வளவு படித்தவர் "அப்படியானால் எந்த அரசுக்கும் பாராட்டு வேண்டாம், எல்லாம் தன்னால் நடந்தது" என்று சொல்லக்கூடும். அதை நான் ஏற்கமாட்டேன்.

என்னைக் கேட்டால், அரசின் உழைப்பு எழும்போது தெரிவதில்லை, விழும்போதுதான் தெரிகிறது. 2020 ஏப்ரலில், எடப்பாடி பழனிசாமி ஆட்சியில், அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய் ரேஷன் கடையில் கையில் கொடுத்தார்கள். ஆளுக்கு 5 கிலோ என்று ஒன்றிய அரசின் இலவச தானியம் தனியே வந்தது. 100 நாள் வேலைக்கு பட்ஜெட்டில் ஒதுக்கிய 61,500 கோடிக்கு மேல் இன்னும் 40,000 கோடி சேர்த்தார்கள். இவை வளர்ச்சியை உண்டாக்கின என்று நான் சொல்லவில்லை. அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டன. திருப்பாதிரிப்புலியூர்த் தெருவில் பாதிக் கடைக்காரர்கள் கடையைக் காலி செய்யாமல் தாக்குப்பிடித்ததற்கு, வீட்டில் அரிசி இருந்ததும் ஒரு காரணம்.

அந்த 1,000 ரூபாய் சில நாட்களில் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது எப்படி? தெருவுக்குத் தெரு ரேஷன் கடை ஏற்கெனவே இருந்ததால். ஏழை, பணக்காரர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் அட்டை என்ற முறையைப் பல ஆட்சிகள், கட்சி மாறி மாறி, கட்டிக் காத்து வந்திருக்கின்றன. புதுச்சேரியில் அப்போது ரேஷன் கடைகள் மூடிக் கிடந்தன; அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் என்று மாற்றியிருந்தார்கள். இலவச அரிசி வந்தபோது அதைக் கொடுக்க வேறு இடம் தேட வேண்டியிருந்தது. ஒரு மந்தநிலையின்போது காப்பாற்றுவது பத்து, இருபது வருடம் முன்பு யாரோ போட்ட அஸ்திவாரமாக இருக்கலாம். அவர்களுக்கு யாரும் போஸ்டர் ஒட்டுவதில்லை.

சொன்ன திட்டம் கைக்கு வந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். தவணை ஒத்திவைப்பைப் பலர் தள்ளுபடி என்றே நினைத்துவிட்டார்கள். வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. 2 கோடி வரையிலான கடன்களுக்கு அந்த 6 மாத வட்டிக்கு வட்டியை மட்டும், வழக்கு உச்ச நீதிமன்றம் போன பிறகு, ஒன்றிய அரசு ஏற்றது.

கடைசியாக, யார் எழுந்தார்கள் என்ற கேள்வி. புதுச்சேரியின் பழைய ரோடியர் துணி மில், அதாவது ஏஎஃப்டி, 2020 ஏப்ரலில் மூடப்பட்டது. அந்த நோய் பல வருடத்தது. கொரோனாவின் கணக்கில் அதைச் சேர்க்க முடியாது. ஆனால் கடற்கரைச் சாலையில் விடுதிகள் மறுபடி நிரம்பியபோது, அந்த மில் தொழிலாளியின் வீட்டில் எதுவும் திரும்பிவிடவில்லை. சராசரி எழுந்தாலும் சிலர் படுத்தேதான் இருப்பார்கள். அவர்களை எண்ணாமல் ஒரு ஆட்சிக்கு மதிப்பெண் போட எனக்கு மனம் வருவதில்லை.

அந்த மார்ச் மாதம் கிருமாம்பாக்கத்து அண்ணனிடம் அவருடைய பேரேட்டையே திறந்து காட்டினேன். 2020 ஜூலை பக்கத்தில் வங்கியிலிருந்து வந்த உத்தரவாதக் கடன் வரவு. அதை வைத்துத்தான் சரக்கு போட்டிருந்தார். அடுத்த வருடம் ஊரடங்கு தளர்ந்த மாதம் பெயின்ட், சிமெண்ட் விற்பனை ஏறியிருந்தது. புது ஆட்சி வந்த மே மாதப் பக்கம் ஏறக்குறைய காலி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஜூலை பக்கத்தை மறுபடி பார்த்தார்.

"இந்தக் கடன் இன்னும் எத்தனை தவணை இருக்கு தம்பி?" என்று கேட்டார். இரண்டு பேரும் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தோம்.