மருத்துவச் செய்திகளைச் சரிபார்ப்பது எப்படி? ‘இரு மடங்கு ஆபத்து’ என்றால் எத்தனை பேருக்கு?

ஓர் உணவோ மருந்தோ புற்றுநோயை வரவழைக்கும், இதயத்தைக் காக்கும் என்றெல்லாம் செய்தி வரும்போது நான் பின்பற்றும் வழிமுறை இது. எடுத்துக்காட்டாக ஒரு செய்தியை வைத்துக்கொள்வோம்: “பதப்படுத்தப்பட்ட இறைச்சி புற்றுநோய் ஆபத்தை 18 சதவீதம் கூட்டுகிறது.” உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 அக்டோபரில் வெளியிட்ட முடிவிலிருந்து பரவிய செய்தி இது.

படி 1: செய்தியை ஒரே வாக்கியமாகத் திருப்பி எழுதுங்கள்

யாருக்கு, எது, எவ்வளவு, எதோடு ஒப்பிட்டால், என்ன ஆகிறது? இவை எல்லாம் அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும். நம் செய்தி இப்படி மாறும்: “நாள்தோறும் உண்ணும் ஒவ்வொரு 50 கிராம் பதப்படுத்தப்பட்ட இறைச்சிக்கும் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடுகிறது.” பொதுவாகப் ‘புற்றுநோய்’ என்றிருந்தது குறிப்பிட்ட ஒரு வகையாகிவிட்டது. ‘நாள்தோறும்’ என்ற நிபந்தனையும் வெளியே வந்துவிட்டது.

இப்படி எழுதவே முடியாத கூற்றுகள் உண்டு. “உடலின் நச்சுகளை வெளியேற்றும்” என்பது அப்படி ஒன்று. எந்த நச்சு, எதைக்கொண்டு அளந்தார்கள் என்ற விடை கிடைக்காவிட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

படி 2: மூல ஆய்வைப் பிடியுங்கள்

பொதுத் தேடுபொறி அதே செய்தியைப் பத்து இடங்களிலிருந்து கொண்டுவந்து கொட்டும். மருத்துவ ஆய்வுக்கட்டுரைகளை மட்டும் தேடித் தரும் பப்மெட் தளத்தைத்தான் நான் பரிந்துரைப்பேன். கூகுள் ஸ்காலரின் வீச்சு பெரிது. ஆனால் தரமான இதழும் தரமற்ற இதழும் அதில் கலந்தே வரும். பப்மெட்டின் இடப்பக்கத்தில் ஆய்வு வகைகளைப் பிரித்துக் காட்டும் வசதி இருக்கிறது. சாட்பாட்களிடம் எந்தச் சொல்லைக் கொண்டு தேடலாம் என்று கேளுங்கள், அதற்கு உதவும். அவை தரும் ஆய்வுக்கட்டுரைத் தலைப்புகளை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். இல்லாத கட்டுரையையும் இருப்பதுபோல் தந்துவிடும்.

கட்டுரைச் சுருக்கத்தில் முதலில் முறையையும் முடிவுகளையும் படியுங்கள். ஆசிரியர்களின் கருத்துரை கடைசியில்.

படி 3: எவ்வகை ஆய்வு?

எலியில் நடந்ததா, மனிதரிலா? மனிதர் என்றால், அவர்களைக் கவனித்து மட்டும் எழுதினார்களா, குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்துச் சோதித்தார்களா? இந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது. பீட்டா கரோட்டின் (கேரட் போன்றவற்றுக்கு நிறம் தரும் சத்து) நிறைந்த காய்கனிகளை அதிகம் உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று கவனிப்பு ஆய்வுகள் காட்டின. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் குழுக்களாகப் பிரித்துச் சோதித்தார்கள். 1994இல் முடிவு வந்தது: பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாகவே இருந்தது.

இதைப் படித்துவிட்டு, கவனிப்பு ஆய்வு என்றாலே ஒதுக்கிவிடாதீர்கள். சிகரெட்டின் தீங்கை நிறுவியவை பெரும்பாலும் அவ்வகை ஆய்வுகளே. யாரையும் புகைக்கச் சொல்லிச் சோதிக்க முடியாது. அளவு கூடக்கூட நோயும் கூடியது, பழக்கத்தை விட்டவர்களுக்கு ஆபத்து தணிந்தது, வெவ்வேறு நாடுகளிலும் இதே முடிவு திரும்ப வந்தது. இப்படி ஒன்றையொன்று தாங்கும் சான்றுகளைத் தேடுங்கள்.

படி 4: சதவீதத்தை ஆட்களாக மாற்றுங்கள்

எனக்குப் பிடிபட அதிக காலம் எடுத்த படி இது. அவசரப்படாமல் காகிதத்தில் எழுதிப் பாருங்கள்.

“18 சதவீதம் கூடுகிறது” என்றால் எதிலிருந்து கூடுகிறது? மேலை நாடுகளில் வாழ்நாளில் 100 பேரில் சுமார் 5 பேருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வருகிறது என்று கொள்வோம். 5இல் 18 சதவீதம் 0.9. ஆக, நாள்தோறும் 50 கிராம் உண்ணும் 100 பேரில் சுமார் 6 பேருக்கு வரும். நூற்றுக்கு ஒருவர் கூடுதல். ஒரு நாட்டின் மக்கள்தொகையோடு பெருக்கினால் இது பெரிய எண்; தனி ஒருவருக்கு நடுங்கவைக்கும் எண் அல்ல. இரண்டும் உண்மை.

இந்தக் கணக்கு செய்யப்படாததால் என்ன நடக்கும் என்பதற்குப் பிரிட்டன் சாட்சி. 1995 அக்டோபரில், மூன்றாம் தலைமுறை எனப்பட்ட, அப்போதைய புதுவகைக் கருத்தடை மாத்திரைகளால் இரத்த உறைவு ஆபத்து இரு மடங்காகிறது என்ற எச்சரிக்கை அங்கே வெளியானது. எண்ணாகச் சொன்னால், 7,000 பெண்களில் ஒருவருக்கு என்றிருந்தது இருவருக்கு என்றானது. அஞ்சிய பெண்கள் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கூடுதலாகச் சுமார் 13,000 கருக்கலைப்புகள் நடந்ததாக மதிப்பிடப்பட்டது. கர்ப்பமே அந்த மாத்திரையைவிட அதிக உறைவு ஆபத்து கொண்டது என்பதை நினைத்தால் மனம் பதறுகிறது. ‘7,000இல் ஒருவர் கூடுதல்’ என்று அந்தத் தலைப்புகள் சொல்லியிருக்க வேண்டும்.

பலனைச் சொல்லும் விளம்பரங்களுக்கும் இதே கணக்குதான். நூற்றில் 3 என்பது 2 ஆனால், “மூன்றில் ஒரு பங்கு குறைந்தது” என்பார்கள். அடிப்படை எண்ணைத் தராத கட்டுரையை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

பின்சேர்க்கை: “புற்றுநோய் ஆய்வு முகமையின் பட்டியலில் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில்தானே பதப்படுத்தப்பட்ட இறைச்சியையும் வைத்திருக்கிறார்கள், அப்படியானால் இரண்டும் சமமா?” என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அந்த முகமையின் பிரிவுகள் சான்று எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கின்றன. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அவை சொல்வதில்லை.

படி 5: தனி ஆய்வோடு நிற்காதீர்கள்

காக்ரேன் தளத்தில் பல ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிட்ட தொகுப்புகள் கிடைக்கும். எளிய சுருக்கங்கள் சில தமிழிலும் உண்டு. கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்று ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் பாருங்கள். சொடேரோ மென்பொருளில் கட்டுரைகளைச் சேமித்தால் அதுவே எச்சரிக்கும். இலவசம் என்பதால் நான் வேறெதையும் தேடுவதில்லை. எம்எம்ஆர் (தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா) தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் இணைத்துப் பேசி 1998இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரை 12 குழந்தைகளைப் பற்றியது. 2010இல் திரும்பப் பெறப்பட்டது. டென்மார்க்கில் 657,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2019இல் வந்தது. தடுப்பூசியால் ஆட்டிசம் கூடவில்லை.

பின்சேர்க்கை 2: “எல்லோரும் மறுத்த தனி விஞ்ஞானி பிறகு வென்றதில்லையா?” உண்டு. வயிற்றுப்புண்ணுக்கு ஒரு பாக்டீரியா காரணம் என்ற பாரி மார்ஷலையும் ராபின் வாரனையும் தொடக்கத்தில் பலர் ஏற்கவில்லை. மார்ஷல் 1984இல் அந்த பாக்டீரியாவைத் தானே குடித்தார். அவருக்கு இரைப்பை அழற்சி வந்தது. இந்தத் துணிச்சல்தான் இன்று எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் மருத்துவ உலகம் மாறியதற்குக் காரணம், பாக்டீரியாவை ஒழித்தால் புண் திரும்ப வருவது வெகுவாகக் குறைகிறது என்று பிறர் நடத்திய சோதனைகளும் காட்டியதுதான். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் முன் இருக்கும் தனிக்குரலின் சோதனையை வேறு யாராவது திரும்பச் செய்து பார்த்திருக்கிறார்களா என்று பப்மெட்டில் தேடுங்கள்.